சிறுவர் பக்கத்தில் படக்கதைத் தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் விடுகதை, வண்ணம் தீட்டும் படம், புள்ளிகளை இணைக்கும் விளையாட்டு, ஒரு சிறுகதை எல்லாம் வருகின்றன. கதைக்கு ஒரு படமும் உண்டு. அந்தப் படம் கதையைச் சொல்வதில்லை, பக்கத்தில் துணைக்கு நிற்கிறது. படத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே இருக்கும். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பக்கத்தில் கதை என்று ஒன்றுமே இல்லை. எனவே எங்கள் கோரிக்கை இது: மாதம் ஒருமுறை ஒரு முழுப் பக்கத்தைப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட படக்கதைத் தாளாக அச்சிடுங்கள். கதை அந்த ஒரே பக்கத்தில் தொடங்கி அதிலேயே முடிய வேண்டும். "தொடரும்" கூடாது. வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டினால் நாலு பிள்ளைகள் நின்று பார்க்கும்படி இருக்க வேண்டும்.

இது புது யோசனை அல்ல. பிரான்சில் எபினால் என்ற ஊரில் ழான் ஷார்ல் பெல்லரன் என்பவர் 1796-இல் தொடங்கிய அச்சகம், பல தலைமுறைகளுக்கு இத்தகைய தாள்களை அச்சிட்டது. ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி. முதலில் மரக்கட்டையில் செதுக்கிக் கறுப்புக் கோட்டை அச்சிடுவார்கள். பிறகு நிறத்துக்கு ஒரு ஸ்டென்சில் வைத்துத் தூரிகையால் தேய்ப்பார்கள். அவசரத்தில் நிறம் கோட்டைத் தாண்டும், சிவப்புச் சட்டையின் சிவப்பு பக்கத்து ஆளின் தோளிலும் விழும். ஆனாலும் படம் குலையாது. கறுப்புக் கோடு தடிமனாக நின்று உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு சங்கதி நமக்கு மிக முக்கியம், கீழே சொல்கிறோம். ஸ்பெயினில் இதே வகைத் தாள்களில் நாற்பத்தெட்டுச் சிறு கட்டங்கள் வரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதுகையோடு இரண்டு வரி போட்டார்கள். கையில் வைத்துப் படிக்க அது சரி. சுவரில் ஒட்டிப் பார்க்க அத்தனை சிறிய படம் உதவாது.

அவ்வளவு தூரம் போவானேன், திருவாரூர் இருக்கிறதே. தியாகராசர் கோயிலின் தேவாசிரியன் மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை, பதினேழாம் நூற்றாண்டில் வரைந்தது, நீள நீளமான வரிசைகளில் ஓடுகிறது. படங்களின் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. அது படக்கதைத் தாள்தான், ஒட்டியிருக்கும் இடம் மட்டும் விதானம். சிவராத்திரியன்று வில்வ மரத்தில் இருந்த குரங்கு, தன்னை அறியாமல் இலைகளைக் கீழே போட்டு அருள் பெற்று, அரசனாகப் பிறந்தும் குரங்கு முகத்தையே கேட்டு வாங்கிக்கொண்ட கதை. பிற்பகுதியில் முசுகுந்தன் கேட்ட விடங்கர் என்ற சிவத் திருமேனியைக் கொடுக்க மனமில்லாமல், இந்திரன் அதைப் போலவே இன்னும் ஆறு செய்து வைத்து, "உன்னுடையதை எடுத்துக்கொள்" என்கிறான். முசுகுந்தன் சரியானதை அடையாளம் காண்கிறான். ஏழும் பூமிக்கு வந்து சப்தவிடங்கத் தலங்கள் ஆகின்றன.

படம் வரைபவர் அங்கே கவனிக்க வேண்டியது அந்தக் குரங்கு முகத்தை. இந்திரசபையிலும், போர்க்களத்திலும், ஊர்வலக் கூட்டத்திலும் முசுகுந்தன் எங்கே என்று தேடவே வேண்டாம். உடை மாறினாலும், நிறம் மங்கினாலும், காரை பெயர்ந்தாலும் கண் அவனைப் பிடித்துவிடும். நாயகனை நிறத்தால் அல்ல, வடிவத்தால் அடையாளப்படுத்த வேண்டும் என்பது இதில் கிடைக்கும் முதல் பாடம். "பச்சைச் சட்டை போட்டவன்தான் கண்ணன்" என்று வைத்துக்கொண்டால், அச்சில் பச்சை கொஞ்சம் நீலமாகப் போனதும் கண்ணன் காணாமல் போவான். தலையில் ஒரு முண்டாசு, கையில் எப்போதும் ஒரு கவைக்கோல், காலில் ஒரு ஊனம், வளைந்த மூக்கு என ஏதாவது ஒன்று பன்னிரண்டு கட்டத்திலும் மாறாமல் வர வேண்டும்.

கதையைப் பன்னிரண்டாக அறுப்பதுதான் வேலையில் பாதி. அதை ஒரு கதையை வைத்தே சொல்கிறோம். அதே திருவாரூரின் மனுநீதிச் சோழன் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஓவியர் சொந்தமாகப் பிரிக்கும்போது பெரும்பாலும் நடப்பது இது: அரசன் கொலுவிருக்கும் காட்சிக்கு மூன்று கட்டம் போய்விடும், ஏனென்றால் சிம்மாசனமும் தூணும் வரைய ஆசையாக இருக்கும். கன்றும் தேரும் ஒரே கட்டத்தில் நெருக்கியடிக்கும். கடைசியில் இடம் போதாமல் சிவபெருமான் காட்சி தருவதும் கன்று எழுவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதைத் தடுக்க, படம் எதுவும் வரையும் முன் பன்னிரண்டு துண்டுச் சீட்டுகளில் ஒவ்வொரு வாக்கியம் எழுதித் தரையில் பரப்ப வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் யாராவது எதையாவது செய்ய வேண்டும். "அரசன் நல்லவன்" என்பது கட்டம் ஆகாது. "அரசன் மணியைக் கட்டச் சொன்னான்" என்பது ஆகும்.

எங்கள் பிரிப்பு இது. முதல் கட்டத்தில் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி, ஒரு கிழவி கயிற்றை இழுக்கிறாள், அரசன் இறங்கி வருகிறான். மணி எதற்கு என்பது இங்கேயே தெரிந்தால்தான் ஆறாம் கட்டத்தில் பசு மணியை அடிப்பது புரியும். இரண்டாவதில் இளவரசனின் தேர் புறப்படுகிறது, தெருவெல்லாம் கூட்டம். மூன்றாவதில் தாயின் பக்கத்திலிருந்து கன்று துள்ளி ஓடுகிறது. நான்காவதில் சக்கரம், புழுதி, தலை நிமிர்த்திய பசு, அவ்வளவே. கன்றை வரையக் கூடாது, ரத்தம் கூடாது. ஐந்தாவதில் ஆளில்லாத தெருவில் பசு தனியாக நடக்கிறது. ஆறாவதில் கொம்பால் மணியை அடிக்கிறது. ஏழாவதில் அரசன் பசுவின் முன்னால் வந்து நிற்கிறான். எட்டாவதில் அமைச்சர் நடந்ததைச் சொல்கிறார், அரசன் முகம் திரும்பியிருக்கிறது. ஒன்பதாவதில் பரிகாரம் செய்யலாம் என்று சபையினர் சொல்ல, அரசனின் கை மறுக்கிறது. பத்தாவதில் அரசனே தேரில் ஏறிக் கடிவாளத்தைப் பிடிக்கிறான். பதினோராவதில் நான்காம் கட்டத்துச் சக்கரமே, அதே கோணத்தில், ஆனால் பின்னால் காளையின் மேல் அம்மையப்பர் ஒளி. பன்னிரண்டாவதில் கன்று பாலருந்துகிறது, இளவரசன் நிற்கிறான், மணி அசையாமல் தொங்குகிறது.

பெரியபுராணத்தில் அமைச்சர் அரசாணையை நிறைவேற்ற மனமில்லாமல் தன் உயிரை விடுவதும், பிறகு அவரும் எழுவதும் உண்டு. ஏழு வயதுக் குழந்தைக்கான தாளில் அதை விட்டுவிடுவதே சரி என்பது எங்கள் முடிவு. விட்டால் முழுவதுமாக விட வேண்டும். கடைசிக் கட்டத்தில் மட்டும் அமைச்சர் எழுந்து நின்றால் குழந்தை "இவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும்.

மூன்று பத்தி, நான்கு வரிசை என்று வைத்தால் மேலே சொன்ன பிரிப்பில் ஒரு நுட்பம் இருப்பது தெரியும். மூன்றாம் கட்டம் முதல் வரிசையின் கடைசி. கன்று வலப்பக்கம் துள்ளிப் போகிறது. கண் அங்கிருந்து திரும்பி இரண்டாம் வரிசையின் இடது ஓரத்துக்கு வரும் அந்த நொடிதான், புத்தகத்தில் தாளைப் புரட்டும் நொடிக்குச் சமம். அங்கே சக்கரம். அதேபோல் ஒன்பதில் மறுத்த கை, வரிசை திரும்பிப் பத்தில் கடிவாளத்தைப் பிடிக்கிறது. வரிசை முடியும் இடத்தில் கேள்வியும் தொடங்கும் இடத்தில் விடையும் விழுந்தால் குழந்தை தானாகவே அடுத்த வரிசைக்குப் போகும். திசையும் அப்படித்தான். தமிழ் இடமிருந்து வலம் போவதால் தேரும் பசுவும் வலப்பக்கமே போக வேண்டும். அரசன் வலமிருந்து எதிரே வரலாம். போகிறவரை இடப்பக்கம் பார்க்க வரைந்தால் பிள்ளைகள் முந்தைய கட்டத்துக்கே திரும்பிப் போய்விடுவார்கள். வகுப்பறைச் சுவர்ப் படங்களில் அடிக்கடி காணும் பிழை இது.

இனி அளவு. நாளிதழின் முழுப் பக்கத்தில் அச்சுப் பரப்பு ஏறத்தாழ 33 செ.மீ. அகலம், 52 செ.மீ. உயரம். தலைப்புக்கு 4.5 செ.மீ. போகட்டும். கட்டங்களுக்கு இடையே 6 மி.மீ. விட்டால் ஒவ்வொரு கட்டமும் 10.6 செ.மீ. அகலமும் 9.2 செ.மீ. உயரமும், அதன் கீழே எழுத்துக்கு 2.2 செ.மீ. உயரமும் கிடைக்கும். எழுத்தின் அளவு 14 பாயிண்ட்டுக்குக் குறையக் கூடாது. தினத்தாளில் அதைவிடச் சிறிதாகப் போனால் 'ணை', 'ழி', 'ஞ்' போன்றவற்றின் சுழிகளும் மேலே உள்ள புள்ளிகளும் மையில் அடைந்துபோகும். எழுத்துப் பழகும் குழந்தைக்குப் புள்ளி தெரியாவிட்டால் சொல்லே மாறிவிடும். வரிக்கு வரி 19 பாயிண்ட் வைத்தால் மூன்று வரி பிடிக்கும். அதில் பத்துச் சொல் அடங்கும். பத்துக்கு மேல் எழுதத் தோன்றினால் படத்தில் ஏதோ குறை என்று பொருள்.

எழுத்தை இருபுறமும் சமன் செய்யாதீர்கள். கணினி அதற்காகச் சொல்லை நடுவில் வெட்டும், அல்லது சொற்களுக்கு இடையே கிணறு போல இடைவெளி விடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்து, பேசும்போது மூச்சு விடும் இடத்தில் வரியை முறித்தால் போதும். படத்தில் தெரிவதை எழுத்து மறுபடி சொல்லவும் வேண்டாம். ஐந்தாம் கட்டத்துக்கு "பசு மிகுந்த சோகத்துடன் கண்ணீர் மல்க நடந்து சென்றது" என்று எழுதாமல் "பசு தனியாக நடந்தது" என்று நிறுத்தினால், சோகத்தைக் குழந்தையே சொல்லும். ஆறாவதற்கு "கொம்பால் மணியை அடித்தது. ஊரே கேட்டது." போதும்.

அச்சில்தான் பல நல்ல படங்கள் கெடுகின்றன. தினத்தாள் காகிதம் மெல்லியது, சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவில் இருக்கும், மையை உறிஞ்சும். கணினித் திரையில் ஐம்பது சதவீதம் என்று வைத்த நிறம் இந்தக் காகிதத்தில் மைப்புள்ளிகள் விரிந்து எழுபத்தைந்து போல அடர்ந்து விழும். நிழலும் ஒளியுமாகக் குழைத்து வரைந்த முகம் சேறு பூசியதுபோல வருவது அதனால்தான். எனவே குழைவு வேண்டாம், தட்டையான நிறம் போதும். ஒவ்வொரு மைக்கும் 20, 40, 100 சதவீதம் என மூன்றே அழுத்தங்கள் வைத்துக்கொண்டால் விளைவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முகத்துக்கு மஞ்சளும் மெஜந்தாவும் போதும், சியான் என்ற நீல மை சேர்ந்தால் சாம்பல் தட்டும். முகத்தை ரோஜா நிறமாக்காதீர்கள் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறோம். டெல்டாப் பிள்ளைகள் தங்கள் நிறத்தில் ஒரு இளவரசனைப் பார்க்கட்டும்.

வேகமாக ஓடும் அச்சில் நான்கு நிறத் தகடுகளும் அச்சொட்டாகப் பொருந்துவது அரிது. கால் மில்லிமீட்டர் விலகல் சாதாரணம். எபினால் தாளின் தடித்த கறுப்புக் கோடு இங்கேதான் நமக்கு உதவுகிறது. அச்சில் கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஓவியர் ஒன்றரை மடங்கு அளவில், அதாவது ஏறத்தாழ 16 செ.மீ. அகலத்தில் வரைந்தால் 0.8 மி.மீ. பேனா சரியாக இருக்கும். கறுப்பை மற்ற நிறங்களின் மேலேயே ஓவர்பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். கோட்டுக்கு அடியில் நிறத்தைக் குடைந்தெடுத்தால், சற்றே விலகினாலும் பசுவின் முதுகு நெடுகிலும் வெள்ளைக் கீற்று தெரியும். எழுத்து கறுப்பு மையில் மட்டும் வரட்டும். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வடிவமைப்பாளருக்கு அழகாகத் தோன்றும், அச்சானதும் இரட்டை இரட்டையாகத் தெரியும்.

பக்கத்தின் மறுபுறத்தில் அடர்ந்த நிறத்தில் முழுப்பக்க நகைக்கடை விளம்பரம் வந்தால் அது ஊடுருவி இந்தப் பக்கம் தெரியும். விளம்பரத் துறையோடு பேசி, மறுபுறம் எழுத்து மட்டும் உள்ள பக்கமாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வெட்டி எடுப்பதாலும் யாருக்கும் நட்டமில்லை.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இதைச் சுவரில் ஒட்டுவார்கள். அதற்கும் ஒரு சிறு குறிப்பு தாளின் அடியில் வருவது நல்லது. தினத்தாளை அட்டையில் ஒட்டினால் காயும்போது ஒரு பக்கமாக இழுத்து அட்டை வளையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணமும் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒட்டுவதே மேல். சுருட்டி வைக்கலாம், ஆணியில் தொங்கவிடலாம். 100 கிராம் மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் அரை லிட்டர் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கண்ணாடி போலத் தெளியும் வரை கிளற வேண்டும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி படிகாரத்தூள். சுவரொட்டிப் பசையில் போடும் மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் தொடும் இடத்தில் அது கூடவே கூடாது. பசையைத் துணியில் தடவ வேண்டும், தாளில் அல்ல. தாள் நனைந்தால் அகலவாக்கில் நீளும், பிறகு சுருக்கம் விழும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவி, நிழலில் படுக்கையாகக் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் ஓரம் முதலில் காய்ந்து சுருளும். எப்படி ஒட்டினாலும் நேர்வெயில் படும் சுவரில் தினத்தாள் சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

வகுப்பில் சொல்பவர் தாளின் இடப்பக்கம் நின்று குச்சியால் கட்டத்தைக் காட்ட வேண்டும். கையால் காட்டினால் முழங்கை அடுத்த கட்டத்தை மறைக்கும். முதல்முறை சொல்லும்போது கடைசி வரிசையை ஒரு துண்டால் மூடி வைத்து, "அரசன் என்ன செய்வான்?" என்று கேட்டு நிறுத்தினால் வகுப்பே பேசும். வாரம் ஒன்று போன பிறகு இன்னொரு பிரதியைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லலாம். முதல் நாளே வெட்டிக் கொடுத்தால் கதை மனதில் பதியும் முன் அது வெறும் சீட்டுக்கட்டு ஆகிவிடும்.

புராணக் கதை மட்டும் போட வேண்டும் என்பதில்லை. கல்லணையில் வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து கடைமடை வயல் வரை போவது அருமையான பன்னிரண்டு கட்டம். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, கம்பி கட்டி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, மண்ணை உடைத்து எடுப்பது இன்னொன்று. இவற்றுக்கு நாயகன் தேவையில்லை, பொருளே நாயகன். அந்தப் பொருள் எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தால் என்ன மாறியது என்பது சட்டென்று தெரியும். செய்முறைப் படங்களில் கைகளைத் தவறாக வரைவது அதிகம். நாற்று நடுபவர் எந்தக் கையில் நாற்றுமுடியைப் பிடிக்கிறார், எந்தக் கையால் ஊன்றுகிறார் என்பதை வயலில் பார்க்காமல் வரையக் கூடாது. டெல்டாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே அதைக் கண்டுபிடித்துவிடும்.

வரைய ஆளுக்குப் பஞ்சமில்லை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் துணியில் கலம்காரி எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயிலில் தொங்கவிடும் உருளைத் துணியான தொம்பைக்கும் தேர்ச்சீலைக்கும் தடித்த கோட்டில் உருவம் எழுதிப் பழகிய கை, தினத்தாள் அச்சுக்கு அப்படியே பொருந்தும். அவர்களிடம் வாங்கினால் முறையான ஊதியம் கொடுத்து, பெயரைத் தாளின் அடியில் அச்சிட வேண்டும். ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்: சுற்றிலும் பூக்கரை வேண்டாம். இடமும் வலமும் 3 செ.மீ. கரை போட்டால் கட்டத்தின் அகலம் 10.6-லிருந்து 8.6 செ.மீ. ஆகிவிடும், முகங்கள் கடுகாகும். கரையின் அழகைத் தலைப்பில் காட்டட்டும்.

தாள் அச்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை அவசியம். பென்சில் படங்களை எழுத்தில்லாமல் ஐந்தாறு குழந்தைகளிடம், முடிந்தால் இன்னும் படிக்கத் தெரியாதவர்களிடம், காட்டிக் கதை சொல்லச் சொல்லுங்கள். பெரியவர் குறுக்கே பேசக் கூடாது. இரண்டு குழந்தைகள் ஒரே கட்டத்தில் தடுமாறினால் அந்தப் படத்தையே மாற்றி வரைய வேண்டும், கீழே ஒரு வாக்கியம் சேர்த்துச் சரிக்கட்டக் கூடாது. குழந்தைகள் சொல்லும் சொற்களைக் குறித்துக்கொண்டால் வாசகத்துக்கும் அதுவே உதவும்.

கதையைப் பிரிக்க ஒரு வாரம், பென்சில் படத்துக்கு ஒரு வாரம், சோதனைக்கும் திருத்தத்துக்கும் ஒரு வாரம், மையிட இரண்டு வாரம், நிறத்துக்கும் பக்க அமைப்புக்கும் நான்கு நாள். ஆடிப்பெருக்குக்கு முந்தைய ஞாயிறு முதல் தாள் வர வேண்டுமானால் ஆனி முதல் வாரத்திலேயே ஓவியரிடம் பேசிவிட வேண்டும். அந்தத் தாளுக்குக் கல்லணைத் தண்ணீரின் கதையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விருப்பம். பிரித்து எழுதிய பன்னிரண்டு வாக்கியங்களையும் கட்ட அளவு குறித்த மாதிரித் தாளையும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்களும் அச்சுத் தொழிலாளர்களும்,
கும்பகோணம்